பல மொழி ப்ளகின்களுக்கு ஒரே டேட்டா டைப்: முழுமையான வழிகாட்டி

கடைக்காரர் ஒருவர் பில்லை போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். அவர் விற்றது 3 நோட்டு, ஒன்று 45 ரூபாய். பில்லில் இருந்ததோ 4500 நோட்டு, ஒன்று 10 ரூபாய் 2 பைசா. வரிசை எண் வரவேண்டிய இடத்தில் 12884902889 என்று பதினொரு இலக்கம்.

அந்த பில்லிங் மென்பொருளின் மையப் பகுதியை சி++ மொழியிலும், தள்ளுபடி கணக்கிடும் ப்ளகினை (தனியாக எழுதி மையப் பகுதியோடு இணைக்கும் துணை நிரல்) சி ஷார்ப்பிலும் எழுதியிருந்தேன். என் லினக்ஸ் கணினியில் மாதக்கணக்கில் ஒழுங்காக ஓடியது. கடையில் இருந்தது விண்டோஸ். முதல் நாளே இந்தக் கூத்து.

இரண்டு பக்கமும் ஒரே ஸ்ட்ரக்டைத்தான் (பல மதிப்புகளை ஒரே கட்டாக வைக்கும் அமைப்பு) எழுதியிருந்தேன்: வரிசை எண் ‘லாங்’, அளவு ‘இன்ட்’, விலை பைசாவில் ‘இன்ட்’. பெயர்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்று. ஆனால் 64 பிட் விண்டோஸில் சி++ மொழியின் லாங் 4 பைட். சி ஷார்ப்பின் லாங் எங்கே போனாலும் 8 பைட். மையப் பகுதி ஒரு வரிக்கு 12 பைட் என்று மெமரியில் அடுக்கியது: 1001, 3, 4500, அடுத்த வரியின் 1002… ப்ளகின் 16 பைட் என்று நினைத்துப் படித்தது. முதல் 8 பைட்டில் 1001-ம் 3-ம் ஒட்டிக்கொண்டு வந்தன. மூன்றை 4294967296-ஆல் பெருக்கி 1001-ஐக் கூட்டிப் பாருங்கள், அந்தப் பதினொரு இலக்க எண் வரும். அளவு இருக்கவேண்டிய இடத்தில் விலை 4500. விலை இருக்கவேண்டிய இடத்தில் அடுத்த வரியின் வரிசை எண் 1002, அதாவது 10 ரூபாய் 2 பைசா.

லினக்ஸில் ஏன் ஓடியது? அங்கே 64 பிட்டில் சி++ லாங்கும் 8 பைட். தற்செயலாகப் பொருந்திப்போனதை நான் சரியாக எழுதியதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

சி மொழியின் தரநிலை லாங்குக்குக் குறைந்தது 32 பிட் என்று மட்டும் சொல்கிறது; மேலே எவ்வளவு என்பது கம்பைலரின் (நிரலைக் கணினி ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கருவி) விருப்பம். ஆக ஒரு டைப்பின் பெயர் அந்தந்த மொழிக்குள்தான் செல்லும், எல்லையைத் தாண்டினால் செல்லாது. எல்லையில் எழுதி வைக்கவேண்டியது வேறு சில விஷயங்கள்: எத்தனை பைட், குறி (மைனஸ்) உண்டா இல்லையா, எந்த இடத்தில் தொடங்குகிறது, மெமரி யாருடையது, எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும். அந்த ஒப்பந்தத்தைப் படிப்படியாக எழுதுவதைத்தான் இனி பார்க்கப்போகிறோம்.

படி 1: எல்லையில் சி மட்டும்

மையப் பகுதியை எந்த மொழியில் எழுதினாலும், ப்ளகின் எந்த மொழியில் வந்தாலும், இரண்டுக்கும் நடுவே சி மொழியின் அழைப்பு முறையை வையுங்கள். (நிரலாக்க இடைமுகம், பைனரி இடைமுகம் இரண்டின் சுருக்கத்தையும் தமிழில் எழுதினால் ‘ஏபிஐ’ என்றே வந்து நிற்கிறது. இங்கே பேசுவது பைனரி இடைமுகம், அதாவது கம்பைல் ஆன இரண்டு நிரல்கள் ஒன்றையொன்று அழைத்துப் பேசும் விதம்.)

சி++ கிளாஸை அப்படியே வெளியே கொடுக்கலாமே என்று தோன்றும். கொடுக்காதீர்கள். ஃபங்ஷன் பெயரைக் கம்பைலர் தன் இஷ்டத்துக்கு உருமாற்றும். கிளாஸின் உள்ளமைப்பு கம்பைலருக்குக் கம்பைலர் மாறும். ஒரே கம்பைலருக்குள்ளேயே மாறும்: 2015-ல் வந்த ஜிசிசி 5, சி++11 தரநிலைக்காக ஸ்ட்ரிங்கின் உள்ளமைப்பையே மாற்றியது; பழைய லைப்ரரியையும் புதியதையும் சேர்த்து இணைத்தவர்கள் அப்போது பட்ட பாடு கொஞ்சமல்ல. ரஸ்ட் மொழி தன் சொந்த உள்ளமைப்பு மாறாது என்று உறுதியே தருவதில்லை. ஆனால் சி மொழியின் ஃபங்ஷனை அழைக்க எல்லா மொழிக்கும் வழி தெரியும். பைதானுக்கு சிடைப்ஸ், சி ஷார்ப்புக்கு பிஇன்வோக், ஜாவாவுக்கு ஜேஎன்ஐ. 2024-ல் வந்த ஜாவா 22 முதல் நிலைத்துவிட்ட புதிய வெளி ஃபங்ஷன் வசதியும் உண்டு.

இசை மென்பொருள் உலகம் நல்ல உதாரணம். அங்கே பெரும்பாலான நிரல் சி++ மொழியில்தான் இருக்கிறது. ஆனாலும் 2022-ல் பிட்விக், யு-ஹே நிறுவனங்கள் முன்னின்று வெளியிட்ட கிளாப் ப்ளகின் வடிவம் தன் எல்லையைச் சுத்தமான சி மொழியிலேயே வைத்தது. வேறு மொழிக்காரர்கள் அதில் எளிதாக நுழைய முடிந்ததற்கு அதுதான் வழிவிட்டது.

இன்னும் 32 பிட் விண்டோஸை ஆதரிப்பவர் என்றால், சிடெக்ல், எஸ்டிடிகால் என்ற இரண்டு அழைப்பு முறைகளில் எது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள். 64 பிட்டில் அந்தத் தலைவலி இல்லை.

படி 2: அனுமதிக்கப்பட்ட டைப்களின் பட்டியல்

நிரல் எழுதும் முன் ஒரு பக்கக் காகிதம். அதில் உள்ளவை மட்டும்தான் எல்லையைக் கடக்கலாம். என்னுடையது இப்படி இருக்கும்:

| எல்லையில் பெயர் | பைட் | சி | சி ஷார்ப் | ரஸ்ட் | பைதான் சிடைப்ஸ் | ஜாவா |
|---|---|---|---|---|---|---|
| பைட் | 1 | யுஇன்ட்8_டி | பைட் | யு8 | சி_யுஇன்ட்8 | பைட் (குறி உண்டு, கவனம்) |
| முழு32 | 4 | இன்ட்32_டி | இன்ட் | ஐ32 | சி_இன்ட்32 | இன்ட் |
| முழு64 | 8 | இன்ட்64_டி | லாங் | ஐ64 | சி_இன்ட்64 | லாங் |
| தசமம்64 | 8 | டபுள் | டபுள் | எஃப்64 | சி_டபுள் | டபுள் |
| கைப்பிடி | பாயிண்டர் (மெமரி முகவரி) அளவு | வாய்டு பாயிண்டர் | இன்ட்பிடிஆர் | சி_வாய்டு பாயிண்டர் | சி_வாய்டு_பி | மெமரி செக்மென்ட் |

கைப்பிடி எதற்கு என்பது படி 7-ல் வரும். உரை, பைட் கட்டு, தேதி, பணம் எல்லாம் இந்த ஐந்திலிருந்து கட்டப்படுபவை. இவ்வளவு போதுமா என்று கேட்பவர்களுக்கு எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருளைக் காட்டுவேன். முழு எண், தசம எண், உரை, பைட் கட்டு, வெறுமை: மதிப்புக்கு அது வைத்திருப்பது ஐந்தே அடிப்படை வகை, 1 முதல் 5 வரை எண் போட்டு. அதை வைத்துக்கொண்டு கிட்டத்தட்ட எல்லா ஸ்மார்ட்போன்களிலும் ஓடுகிறது.

பட்டியலில் எது இல்லை என்பதும் முக்கியம். லாங் இல்லை, காரணம் சொல்லியாயிற்று. சார் இல்லை: இன்டெல் வகைச் சிப்பில் சார் பொதுவாகக் குறியுள்ளது, ஏஆர்எம் லினக்ஸில் குறியற்றது. 200 என்ற பைட் ஒரு இடத்தில் 200, இன்னொரு இடத்தில் −56. அகல எழுத்தான டபிள்யூசார் விண்டோஸில் 2 பைட், லினக்ஸில் 4 பைட். அதுவும் வேண்டாம். சைஸ்_டி 32 பிட்டில் 4, 64 பிட்டில் 8. நீளம் எல்லாவற்றையும் முழு64 ஆகவே அனுப்பலாம், 4 பைட் மிச்சம் பிடித்து யாரும் மாடி கட்டிவிடப் போவதில்லை.

குறியற்ற 64 பிட் எண்ணையும் வெளியே நிறுத்திவிட்டேன். ஜாவாவில் அப்படி ஒரு டைப்பே கிடையாது. ஜாவாஸ்கிரிப்டில் ப்ளகின் வரப்போகிறது என்றால் குறியுள்ள 64 பிட்டே சிக்கல்தான்: அதன் சாதாரண எண் உள்ளுக்குள் டபுள் என்பதால் 9007199254740991 வரைதான் முழு எண்ணைத் துல்லியமாகப் பிடிக்கும். அதைத் தாண்டினால் பிக்இன்ட் ஆகத்தான் கொடுக்கவேண்டும். ஐடி எண்ணை 64 பிட்டில் சீரற்றதாக உருவாக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஆம், இல்லை, அப்புறம் எனம்

பூல் என்பது ஒரே ஒரு பிட் செய்தி. அதை அனுப்புவதில் இவ்வளவு குழப்பமா என்று நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

சி++ பூல் வழக்கமாக 1 பைட். விண்டோஸின் பழைய பெரிய எழுத்து பூல் 4 பைட். மைக்ரோசாஃப்டின் காம் தொழில்நுட்பத்தில் வரும் வேரியன்ட் பூல் 2 பைட், அதில் உண்மை என்பது −1. சி ஷார்ப், நீங்கள் எதுவும் குறிப்பிடாவிட்டால், எல்லையில் பூலை 4 பைட்டாக எடுத்துக்கொள்ளும்.

இப்போது சி++ ஃபங்ஷன் ஒன்று ‘பொய்’ என்று திருப்பி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். ரிஜிஸ்டரின் (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) கடைசி ஒரு பைட்டை மட்டும் பூஜ்யமாக்கிவிட்டு அது திரும்பிவிடலாம். மேலே உள்ள மூன்று பைட்டில் முந்தைய கணக்கின் குப்பை அப்படியே கிடக்கும். சி ஷார்ப் நான்கு பைட்டையும் படிக்கும். பூஜ்யம் இல்லாததெல்லாம் உண்மை என்று முடிவு செய்யும். பொய் சொன்னால் மெய் என்று கேட்கும், அதுவும் எப்போதாவது மட்டும். பிழை தேட உருவாக்கும் ‘டீபக்’ பதிப்பில் வராது, வாடிக்கையாளருக்குப் போகும் ‘ரிலீஸ்’ பதிப்பில் வரும். இதைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம் போகும்.

ரஸ்ட் பக்கம் வேறு ஆபத்து. அங்கே பூலுக்குள் 0, 1 தவிர வேறு எது வந்தாலும் நிரலின் நடத்தைக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சி பக்கத்திலிருந்து யாராவது 2 அனுப்பினால் அவ்வளவுதான்.

அதனால் எல்லையில் பூலே வேண்டாம். ஃபங்ஷன் திருப்புவது முழு32, 0 அல்லது 1. ஸ்ட்ரக்டுக்குள் ஆம்/இல்லை நிறைய இருந்தால் ஒரே முழு32-க்குள் பிட் கொடிகளாக வையுங்கள். உள்ளே வாங்கியதும் ‘பூஜ்யம் இல்லையா?’ என்று கேட்டு உங்கள் மொழியின் பூலாக மாற்றிக்கொள்ளுங்கள்.

எனமும் (சில எண்களுக்குப் பெயர் வைத்த பட்டியல்) இதே கதைதான். சி மொழியில் அதன் அளவு கம்பைலர் விருப்பம். எல்லையில் முழு32 அனுப்பி, மதிப்புகளைக் கையாலேயே எண் போட்டு எழுதுங்கள். நடுவில் புதிதாக ஒன்றைச் செருகாதீர்கள், எப்போதும் கடைசியில்தான். தெரியாத எண் வந்தால் என்ன செய்வது என்பதையும் எழுதுங்கள். நாளைய மையப் பகுதி 7 அனுப்பும். நேற்றைய ப்ளகினுக்கு 6 வரைதான் தெரியும்.

படி 4: ஸ்ட்ரக்டின் இடைவெளிகள்

ஒவ்வொரு டைப்பும் சரியாக இருந்தாலும் ஸ்ட்ரக்ட் தவறலாம். ஒரு பைட், ஒரு தசமம்64, ஒரு முழு32 என்ற வரிசையில் எழுதிப் பாருங்கள். கூட்டினால் 13. 64 பிட் கணினியில் உண்மையில் பிடிப்பது 24 பைட். பைட்டுக்குப் பின்னால் 7 பைட் காலி, கடைசியில் 4 பைட் காலி. இதையே 32 பிட் லினக்ஸில் கம்பைல் செய்தால் 16 பைட், ஏனென்றால் அங்கே ஸ்ட்ரக்டுக்குள் டபுளை 4 பைட் எல்லையிலேயே வைத்துவிடுவார்கள். 32 பிட் விண்டோஸில் மறுபடியும் 24.

வரிசையை மாற்றுங்கள். முதலில் 8 பைட் உறுப்பு, அப்புறம் 4, கடைசியில் 1. மீதி 3 பைட்டைக் கம்பைலரிடம் விடாமல் நீங்களே ‘ஒதுக்கீடு’ என்று பெயர் வைத்து எழுதுங்கள். இப்போது எங்கே கம்பைல் செய்தாலும் 16. ஒதுக்கீட்டில் எப்போதும் பூஜ்யம்தான் நிரப்பவேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லாவிட்டால் பின்னாளில் அந்த இடத்தைப் பயன்படுத்த முடியாது, பழைய ப்ளகின்கள் அங்கே குப்பையை வைத்திருக்கும்.

காலி இடமே வேண்டாம் என்று ஸ்ட்ரக்டை 1 பைட் பேக்கிங்கில் நெருக்குபவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. சீரற்ற முகவரியில் படிப்பது சில சிப்களில் மெதுவாகும், சிலவற்றில் பிழையாகும். ரஸ்ட் அப்படிப்பட்ட உறுப்புக்கு ரெஃபரன்ஸ் எடுக்கவே விடாது. உறுப்பின் அளவைப் பிட் கணக்கில் சொல்லும் பிட்ஃபீல்டுகளும் வேண்டாம்.

இதைக் கண்ணால் சரிபார்க்காதீர்கள். சி11 முதல் கம்பைல் நேரத்திலேயே சோதிக்கும் ஸ்டாட்டிக் அசெர்ட் இருக்கிறது. ஒவ்வொரு ஸ்ட்ரக்டுக்குக் கீழேயும் மொத்த அளவு, ஒவ்வொரு உறுப்பும் தொடங்கும் இடம் இரண்டையும் எண்ணாகவே எழுதிச் சோதியுங்கள். ரஸ்டில் சி வடிவம் வேண்டும் என்று ரெப்ர்-சி போட மறந்தால் கம்பைலர் உறுப்புகளை இடம் மாற்றும் உரிமையை எடுத்துக்கொள்ளும். சி ஷார்ப்பில் ஸ்ட்ரக்ட் எழுதிய வரிசையிலேயே இருக்கும். கிளாஸ் அப்படி இல்லை, அதற்கு ‘வரிசைப்படி’ என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும்.

படி 5: உரை

தமிழில் பெயர் உள்ள வாடிக்கையாளர்கள் இருந்தால் இந்தப் படிதான் உங்கள் தலையில் விடியும்.

என் தேர்வு: யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைப் பைட்டாக எழுதும் ஒரு முறை) பைட்டுகளுக்கு ஒரு பாயிண்டர், கூடவே பைட் நீளம் முழு64. முடிவில் பூஜ்ய பைட் இருக்கும் என்று நம்பவேண்டாம், நீளம் சொல்வதே சட்டம்.

‘நீளம்’ என்ற சொல்லை மட்டும் தனியாக எழுதாதீர்கள், ‘பைட் நீளம்’ என்றே எழுதுங்கள். ‘தமிழ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு 3 எழுத்து. யூனிகோடில் 5 குறியீடு: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8-ல் 15 பைட். யூடிஎஃப்-16-ல் 10 பைட். பைதானில் நீளம் கேட்டால் 5, ஜாவா, சி ஷார்ப்பில் 5, ரஸ்டில் 15. நான்கு மொழிக்காரர்களை ஒரு அறையில் உட்காரவைத்து ‘நீளத்தை அனுப்புங்கள்’ என்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பெயருக்கு 20 பைட் போதும் என்று யாராவது ஸ்ட்ரக்டுக்குள் நிலையான இடம் ஒதுக்கியிருப்பார்கள். ஆங்கிலப் பெயருக்குப் போதும். ‘முத்துலட்சுமி’ 13 குறியீடு, 39 பைட். இருபதாவது பைட்டில் வெட்டினால் ‘முத்து’ என்ற 18 பைட் முழுதாக வரும். அடுத்த ‘ல’-வின் மூன்று பைட்டில் இரண்டு மட்டும் ஒட்டிக்கொண்டு தொங்கும். பைதான் ப்ளகின் அதைப் படிக்கும்போதே டிகோட் பிழை சொல்லி நின்றுவிடும். வேறு சில மொழிகள் கேள்விக்குறி போட்ட கட்டத்தைக் காட்டிவிட்டு நகரும். பெண்ணின் பெயர் ஆணின் பெயரானது போதாதென்று பின்னால் ஒரு கட்டமும். நிலையான இடம் தவிர்க்கவே முடியாது என்றால், எங்கே வெட்டலாம் என்ற விதியையும் எழுதுங்கள்: குறியீட்டின் நடுவில் வெட்டக்கூடாது, இயன்றால் கொக்கியும் புள்ளியும் தம் மெய்யை விட்டுப் பிரியக்கூடாது.

அடுத்த பொறி சி ஷார்ப்பில். வெளி ஃபங்ஷனை அறிவிக்கும் டிஎல்எல் இறக்குமதியில் உரையின் வகையைக் குறிப்பிடாவிட்டால் அது ‘ஆன்சி’ என்று எடுத்துக்கொள்ளும்; விண்டோஸில் அது கோட்பேஜ் எனப்படும் பழைய எழுத்துப் பட்டியல் முறை. விண்டோஸில் தமிழுக்கு ஆன்சி கோட்பேஜே கிடையாது. அதனால் வழக்கமான அமைப்பில் உள்ள கணினியில் ‘முத்துலட்சுமி’ 13 கேள்விக்குறியாகப் போய்ச் சேரும். அதே நிரலை லினக்ஸில் ஓட்டினால் அங்கே ஆன்சி என்பது யூடிஎஃப்-8 என்பதால் பெயர் ஒழுங்காக வரும். லாங் கதையேதான், வேறு வேடத்தில். ஆங்கிலப் பெயரை வைத்துச் சோதித்தவர்களுக்கு எந்தத் தளத்திலும் தெரியாது.

ஜாவாவின் ஜேஎன்ஐ தருவதும் அசல் யூடிஎஃப்-8 அல்ல, ‘திருத்திய’ யூடிஎஃப்-8. பூஜ்யக் குறியீட்டை இரண்டு பைட்டாக எழுதும். 65535-க்கு மேலே உள்ள குறியீடுகளை நான்கு பைட்டுக்குப் பதில் ஆறு பைட்டாக எழுதும். நம் வழக்கமான தமிழ் எழுத்துகள் அந்த எல்லைக்குக் கீழே இருப்பதால் தப்பிக்கும். இமோஜி தப்பாது. 2019-ல் யூனிகோடில் சேர்ந்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகளும் தப்பாது. ஜாவாவின் ஸ்ட்ரிங்கிலேயே யூடிஎஃப்-8 பைட் வரிசையைக் கேட்டு வாங்கி அனுப்புவதுதான் பாதுகாப்பு.

ஒரே தோற்றம், வேறு பைட் என்பதும் உண்டு. ‘கொடி’யின் ஒகரக் கொக்கியை ஒற்றைக் குறியீடாகவும் எழுதலாம், முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் கால் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. ஒரு ப்ளகின் முதல் வகையில் சேமித்து, இன்னொன்று இரண்டாம் வகையில் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார். எல்லையைக் கடக்கும் உரை என்எஃப்சி வடிவில் (இப்படிப் பிரிந்ததை ஒற்றைக் குறியீடாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவம்) இருக்கவேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

கடைசியாக, வெற்று உரையும் ‘மதிப்பே இல்லை’ என்பதும் ஒன்றல்ல. பாயிண்டர் பூஜ்யம் என்றால் மதிப்பு இல்லை. பாயிண்டர் இருந்து நீளம் 0 என்றால் வெற்று உரை. இதில் சி++, ரஸ்ட்காரர்களிடம் ஒரு எச்சரிக்கை: வெற்றுத் தொகுப்பின் பாயிண்டர் சில நேரம் பூஜ்யமாகவும், சில நேரம் எதையும் சுட்டாத முகவரியாகவும் வரும். வெற்று உரைக்கென்று நிலையான ஒரு பைட்டை வைத்து அதையே சுட்டுங்கள்.

படி 6: மெமரி யாருடையது

அளவும் என்கோடிங்கும் பொருந்தியபின் வருவது சொத்துத் தகராறு. ப்ளகின் ஒதுக்கிய மெமரியை மையப் பகுதி விடுவிக்கக்கூடாது, மறுபுறமும் அப்படியே. விண்டோஸில் இரண்டும் வெவ்வேறு சி ரன்டைமுடன் இணைந்திருந்தால் ஹீப்பும் (மெமரி ஒதுக்கும் கிடங்கு) வேறாக இருக்கும். அங்கே வாங்கியதை இங்கே விடுவித்தால் நிரல் அந்த இடத்தில் விழாது, பத்து நிமிடம் கழித்து சம்பந்தமே இல்லாத இடத்தில் விழும்.

ஒவ்வொரு பாயிண்டருக்கும் இந்த மூன்றில் ஒன்றைத் தேர்ந்து எழுதிவிடுங்கள்.

இரவல்: அழைப்பு முடியும் வரைதான் செல்லும், வேண்டுமானால் நகலெடுத்துக்கொள். உள்ளே போகும் எல்லா உரைக்கும் நான் இதையே வைக்கிறேன்.

அழைப்பவர் இடம் கொடுப்பது: முதல் அழைப்பில் ‘எவ்வளவு இடம் வேண்டும்’ என்று கேட்டு, இரண்டாம் அழைப்பில் அந்த அளவு பஃபரைக் கொடுப்பது. வெளியே வரும் சிறு உரைக்கு இது போதும்.

விடுவிக்கும் ஃபங்ஷனோடு கொடுப்பது: தரவு பெரியது, நகலெடுத்தால் கட்டுபடியாகாது என்றால் கூடவே ‘வேலை முடிந்ததும் இதைக் கூப்பிடு’ என்று ஒரு ஃபங்ஷன் பாயிண்டர். தரவுப் பரிமாற்றத்துக்கான அப்பாச்சி ஆரோவின் சி தரவு இடைமுகம் முழுவதும் இந்த முறைதான். எஸ்க்யூலைட்டில் உரையைக் கொடுக்கும்போதும் கடைசியில் ஒரு அழிப்பு ஃபங்ஷன் கேட்கும். ‘இது நிலையானது, தொடாதே’ அல்லது ‘இப்போதே நகலெடுத்துக்கொள்’ என்று சொல்லவும் அதே இடத்தில் வழி வைத்திருக்கிறார்கள். அழகான வடிவமைப்பு.

கால்பேக் (மறுபக்கம் பின்னர் கூப்பிடுவதற்காக நாம் கொடுக்கும் ஃபங்ஷன்) கொடுக்கும் பைதான், சி ஷார்ப்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கால்பேக்கை அனுப்பிவிட்டு அதன் ரெஃபரன்ஸைக் கையில் வைத்துக்கொள்ளாவிட்டால் பயன்படாத மெமரியைத் தானாக விடுவிக்கும் குப்பை சேகரிப்பு அதை அள்ளிக்கொண்டு போய்விடும். சி பக்கம் அந்தப் பழைய முகவரியையே கூப்பிடும். ப்ளகின் உயிரோடு இருக்கும்வரை ஒரு பட்டியலில் போட்டு வையுங்கள்.

படி 7: கைப்பிடி

மையப் பகுதியின் உள்பொருளை, பில்லோ டேட்டாபேஸ் இணைப்போ, ப்ளகினுக்குக் காட்டவேண்டாம். ஒரு கைப்பிடியை மட்டும் கொடுங்கள், உள்ளே பார்க்க ஃபங்ஷன்கள் கொடுங்கள்.

பைதான் சிடைப்ஸில் ஃபங்ஷன் என்ன திருப்பும் என்று அறிவிக்காவிட்டால் அது சி இன்ட், அதாவது 4 பைட் என்று எடுத்துக்கொள்ளும். 8 பைட் பாயிண்டரின் மேல் பாதி காணாமல் போகும். முகவரி சிறிய எண்ணாக அமைந்த அன்று எல்லாம் ஓடும், இல்லாத அன்று விழும். திருப்பும் டைப், வாங்கும் டைப் இரண்டையும் எல்லா ஃபங்ஷனுக்கும் அறிவிக்காத பைதான் ப்ளகினை நான் இப்போது படித்துப் பார்ப்பதுகூட இல்லை.

படி 8: பணமும் நேரமும்

பணம் தசமம்64 ஆகாது. 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் டபுளில் 0.3 சரியாக வராது என்பது பழங்கதை. முழு64, பைசாவில். அவ்வளவுதான்.

நேரம்: முழு64, 1970 ஜனவரி 1 முதல் மில்லிசெகண்ட், யூடிசி. அலகையும் தொடக்கத்தையும் எழுதாவிட்டால் ஆளுக்கு ஒரு யுகம். விண்டோஸ் ஃபைல்டைம் 1601-லிருந்து 100 நானோசெகண்ட் அலகில் எண்ணும், சி ஷார்ப்பின் தளமான டாட்நெட் கி.பி. 1-லிருந்து எண்ணும், பைதான் 1970-லிருந்து செகண்டைத் தசமத்தில் தரும். 32 பிட்டில் செகண்ட் வைத்தால் 2038 ஜனவரி 19-ல் தீர்ந்துபோகும். இன்று போடும் பதினைந்து வருடக் கடனின் தவணைத் தேதி இப்போதே அதைத் தாண்டும்.

படி 9: பிழை

எந்த மொழியின் எக்செப்ஷனும் (ஓடும்போது எழும் பிழை) எல்லையைத் தாண்டக்கூடாது. ஒவ்வொரு ஃபங்ஷனும் முழு32 நிலை எண் திருப்பட்டும்: 0 என்றால் சரி, மற்றவை பிழை. உண்மையான விடை வெளிப் பாயிண்டர் வழியாகப் போகட்டும். விளக்க உரை வேண்டுமென்றால் ‘கடைசிப் பிழை’ ஃபங்ஷன் ஒன்று.

ப்ளகினின் வெளி ஃபங்ஷன் ஒவ்வொன்றிலும் எல்லாவற்றையும் பிடிக்கும் ஒரு வலை வேண்டும். வலை இல்லாவிட்டால் மொழிக்கு மொழி வேறு மாதிரி உடையும். 1.81 பதிப்பு முதல் ரஸ்ட், பேனிக் (அந்த மொழியின் எக்செப்ஷன் போன்றது) எல்லையைத் தொட்டால் முழு நிரலையும் நிறுத்திவிடும். கடைக்காரருக்குப் பில்லிங்கே மூடிக்கொள்ளும். சிடைப்ஸ் கால்பேக்கோ பிழையை எங்கோ அச்சிட்டுவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் போய்விடும், மையப் பகுதிக்குத் தெரியவே தெரியாது. இரண்டில் எனக்கு முன்னதுதான் பரவாயில்லை.

படி 10: நாளைக்கு வளர இடம்

ஸ்ட்ரக்டின் முதல் உறுப்பாக அதன் அளவையே வையுங்கள், விண்டோஸ் பல ஸ்ட்ரக்டுகளில் பல காலமாகச் செய்வதுபோல. ப்ளகின் 48 என்று நிரப்பி அனுப்பினால், 56 தெரிந்த புதிய மையப் பகுதி கடைசி 8 பைட்டைத் தொடாது. சேர்ப்பது எப்போதும் கடைசியில். உறுப்பின் பொருளை மாற்றவேண்டிய நிலை வந்தால் பழையதை அப்படியே விட்டுவிட்டுப் புதிய பெயரில் புதிய ஃபங்ஷன். ப்ளகின் ஏறியதும் முதல் வேலையாக ஒப்பந்தப் பதிப்பு எண்ணைக் கேட்டுப் பொருந்தாவிட்டால் அங்கேயே திருப்பி அனுப்புங்கள்.

படி 11: எதிரொலி ப்ளகின்

ஒவ்வொரு மொழியிலும், வாங்கியதை அப்படியே திருப்பித் தரும் ஒரு சிறு ப்ளகின் எழுதுங்கள். பட்டியலில் உள்ள எல்லா டைப்புக்கும் ஒரு ஃபங்ஷன், எல்லா ஸ்ட்ரக்டுக்கும் ஒரு ஃபங்ஷன், அப்புறம் ஒவ்வொரு ஸ்ட்ரக்டின் அளவையும் உறுப்புகளின் இடத்தையும் எண்ணாகச் சொல்லும் ஒரு ஃபங்ஷன். மையப் பகுதி இந்த எண்களைத் தன் எண்களோடு ஒப்பிடட்டும். நான் எழுதிய அந்தப் பில் ஸ்ட்ரக்ட் இந்த ஒரு சோதனையில் முதல் நொடியிலேயே மாட்டியிருக்கும்: ஒருவர் 12 என்பார், இன்னொருவர் 16 என்பார்.

அனுப்பவேண்டிய மதிப்புகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. 1, 2, 3 அனுப்பினால் எதுவும் உடையாது. −1 அனுப்புங்கள், குறிக் குழப்பம் தெரியும். ஒவ்வொரு முழு எண்ணின் மிகச்சிறிய, மிகப்பெரிய மதிப்பு. 9007199254740993, வழியில் எங்காவது டபுளாக மாறியிருந்தால் 9007199254740992 ஆகத் திரும்பும். தசமத்தில் ‘எண் அல்ல’ என்ற சிறப்பு மதிப்பு. உரையில் மதிப்பு இல்லாதது, வெற்று உரை, நடுவில் பூஜ்ய பைட் உள்ளது, ‘முத்துலட்சுமி’, இரண்டு வகை ‘கொடி’, ஒரு இமோஜி. ஒரு ஸ்ட்ரக்ட் மட்டும் அனுப்பாமல் மூன்று ஸ்ட்ரக்டுகளின் வரிசையாக அனுப்புங்கள். முதல் ஸ்ட்ரக்ட் தற்செயலாகச் சரியாக வந்துவிடும், இரண்டாவதில்தான் இடைவெளிப் பிழை பல்லிளிக்கும்.

இதை ஒவ்வொரு மாற்றத்துக்கும் மூன்று இடத்தில் ஓட்டுகிறேன்: 64 பிட் விண்டோஸ், 64 பிட் லினக்ஸ், ஏஆர்எம் லினக்ஸ். ஏஆர்எம்முக்காக ராஸ்பெர்ரி பை ஒன்று மேஜைக்கு அடியில் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. டீபக், ரிலீஸ் இரண்டு பதிப்பிலும் ஓட்டவேண்டும். அந்தப் பூல் குப்பை ரிலீஸில்தான் வரும்.